கீமோ காலத்தில் காய்ச்சலா? ஊரிலிருந்து கொண்டுவந்த டோலோவைத் தொடாதீர்கள்: இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

வேலை விசாவில் வந்து, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து நிமிர்வதற்குள் வீட்டில் ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரிந்தால் என்ன செய்வீர்கள்? என் தோழி வீட்டில் அதுதான் நடந்தது. சிகிச்சை நன்றாகவே கிடைத்தது. அவர்களை வீழ்த்தப் பார்த்தது நோய் இல்லை, சிகிச்சையின் பக்கவிளைவு. அதை எங்கே சொல்வது, யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு ஊர்ப் பழக்கம்தான் தெரிந்திருந்தது. அந்தக் கோபத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அலுவல் விஷயங்கள். வந்த வாரமே ஜிபி-யிடம், அதாவது உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவரிடம், பதிந்துகொள்ளுங்கள். முகவரிச் சான்று இல்லை என்று திருப்பி அனுப்பினால் அசையாதீர்கள், பதிவதற்கு அது கட்டாயமில்லை. விசாவோடு சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தால் மருத்துவமனைச் சிகிச்சைக்குத் தனியாகப் பணம் கிடையாது. மருந்துச் சீட்டுக்கு இங்கிலாந்தில் 2024 மே முதல் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. ஆனால் புற்றுநோயாளிகளுக்கு 2009-லிருந்து அது இலவசம். ஜிபி-யிடம் எஃப்பி92ஏ என்ற படிவம் கேட்டு வாங்குங்கள், சான்றிதழ் 5 வருடம் செல்லும். புற்றுநோய் மருந்துக்கு மட்டுமில்லை, சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்கும் அதே சான்றிதழ் போதும். வேலை பார்ப்பவர் என்றால், நோய் உறுதியான நாளிலிருந்தே 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எச்ஆர்-க்குப் பயந்து மறைக்க வேண்டியதில்லை. இதெல்லாம் எப்படியும் யாராவது சொல்லிவிடுவார்கள்.

சொல்லாமல் விடுவது இனி வருவதுதான்.

ஊரில் கீமோ போட்டு வீட்டுக்கு வந்த பிறகு ஏதாவது ஆனால், டாக்டரின் உதவியாளர் நம்பர் போனில் இருக்கும். இல்லையென்றால் ஆட்டோ பிடித்து நேரே மருத்துவமனை. இங்கே டாக்டரின் நம்பர் கிடைக்காது. அதற்குப் பதிலாக, சிகிச்சை தொடங்கும்போது ஒரு சின்ன அட்டை கொடுப்பார்கள். கீமோ கார்டு என்பார்கள். அதில் 24 மணி நேரமும் எடுக்கும் ஒரு நம்பர் இருக்கும். எடுப்பவர் புற்றுநோய்ப் பிரிவின் செவிலியர். கேள்வி கேட்டு, நீங்கள் சொல்லும் ஒவ்வொரு தொந்தரவையும் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று தரம் பிரிப்பார். சிவப்பு என்றால் உடனே வா என்று அர்த்தம்.

தோழி வீட்டில் அந்தக் கார்டு பத்திரமாக இருந்தது. மிகப் பத்திரமாக! பாஸ்போர்ட், ஆதார் நகல், வீட்டு ஒப்பந்தம் எல்லாம் இருக்கும் பிளாஸ்டிக் ஃபைலில், கடைசி உறைக்குள். சனிக்கிழமை இரவு அவள் கணவருக்குக் குளிர் எடுத்தது. தெர்மாமீட்டர் இல்லை, நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். சூட்கேஸில் டோலோ 650 அட்டை அட்டையாக இருந்தது, நம் எல்லோர் சூட்கேஸிலும் இருப்பது போலவே. ஒன்று போட்டார், வியர்த்தது, தூங்கிவிட்டார். காலையில் உடம்பு சூடில்லை. மத்தியானம் மறுபடி குளிர், மறுபடி ஒன்று. திங்கள் காலை ஜிபி-யைக் கூப்பிடலாம் என்று இருந்தார்கள். ஞாயிறு இரவு அவர் பேச்சு குழறியது. 999 அடித்து, ஆம்புலன்ஸ் வந்து, தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் கண் திறந்தார். பிழைத்தார்.

நடந்தது இதுதான். கீமோ, புற்றுநோய்ச் செல்களோடு நம் வெள்ளை அணுக்களையும் குறைத்துவிடும். பெரும்பாலான மருந்துகளுக்கு 7-ஆம் நாளிலிருந்து 14-ஆம் நாள் வரை அவை அடிமட்டத்தில் இருக்கும். அந்தச் சமயம் ஒரு சாதாரணக் கிருமி போதும், சில மணி நேரத்தில் இரத்தத்தில் பரவிவிடும். நியூட்ரோபீனிக் செப்சிஸ் என்று பெயர். உடம்பு கொடுக்கும் ஒரே அடையாளம் பல நேரம் காய்ச்சல் மட்டும்தான். டோலோ என்பது பாராசிட்டமால்தான், அதைப் போட்டால் அந்த அடையாளம் அழிந்துவிடும், கிருமி அப்படியே இருக்கும். மருத்துவமனைக்குப் போனால் 1 மணி நேரத்துக்குள் ஊசி வழியாக ஆன்டிபயாட்டிக் ஏற்ற வேண்டும் என்பது இங்கே விதி. அவ்வளவு அவசரம் அது. நாமோ இரண்டு நாள் காத்திருக்கிறோம்.

அதனால் இன்றே தெர்மாமீட்டர் வாங்குங்கள், எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். நாம் ஊரில் நூறு, நூற்றொன்று என்று ஃபாரன்ஹீட்டில் பேசிப் பழகியவர்கள். இங்கே செல்சியஸ்தான் கேட்பார்கள். பொதுவாகக் கூப்பிட வேண்டிய எல்லையான 38 என்பது நம் கணக்கில் 100.4. சில மருத்துவமனைகள் 37.5-க்கே கூப்பிடச் சொல்லும். உங்கள் கார்டில் எது இருக்கிறதோ அது. சூடு இல்லாவிட்டாலும் நடுக்கம் வந்தால் கூப்பிடுங்கள். கூப்பிட்டு முடியும்வரை டோலோ, கால்பால், இங்கே சளிக்குக் கலக்கிக் குடிக்கும் லெம்சிப் எதுவும் வேண்டாம். லெம்சிப்பிலும் பாராசிட்டமால் இருக்கிறது, பலருக்குத் தெரியாது.

கார்டு ஃபைலில் இருக்கக் கூடாது. நம்பரை வீட்டில் எல்லோர் போனிலும் ஏற்றுங்கள், ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். போனில் என்ன சொல்வது என்று பதறுபவர்கள் இதை மனப்பாடம் செய்யலாம்: "மை ஹஸ்பண்ட் இஸ் ஆன் கீமோதெரபி. ஹிஸ் டெம்பரேச்சர் இஸ் தர்ட்டி எய்ட் பாயிண்ட் டூ. ஹி இஸ் ஷிவரிங்." அவ்வளவு போதும், மற்றதை அவர்களே கேட்பார்கள். அவசரப் பிரிவுக்குப் போனால் கூட்டத்தோடு கூட்டமாக உட்காராதீர்கள். கவுன்டரில் கார்டைக் காட்டி, கீமோ, காய்ச்சல் என்ற இரண்டையும் சத்தமாகச் சொல்லுங்கள். அங்கே வரிசையில் நல்ல பிள்ளையாக நிற்பதில் ஒரு புண்ணியமும் இல்லை. கார்டு கிடைக்கவில்லை என்றால் 111 என்ற மருத்துவ உதவி எண். குழப்பம், மூச்சுத் திணறல் என்றால் 999.

அப்புறம் மற்ற பக்கவிளைவுகள். இங்கே யாரும் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள மாட்டார்கள். நீங்கள் சொன்னதுதான் கணக்கு. நம் ஆட்கள் நர்ஸ் கேட்டதும் "ஐ ஆம் ஓகே" என்று சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து வாய்ப்புண்ணோடு பட்டினி கிடக்கிறார்கள். ஒவ்வொரு நோயாளிக்கும் பொதுவாக ஒரு சிறப்புச் செவிலியர் இருப்பார், சிஎன்எஸ் என்பார்கள். அவர் நேரடி நம்பரைக் கேட்டு வாங்குங்கள். அவசரமில்லாத எல்லாவற்றுக்கும் அவர்தான் ஆள். வாந்திக்குக் கொடுக்கும் ஆன்டான்செட்ரான் மலச்சிக்கல் தரும், வாழைப்பழத்தில் தீராது, அதற்கு மருந்து கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் நீங்களாகவே கடையில் மாத்திரை வாங்காமல் முதலில் கூப்பிடுங்கள். கீமோவோடு தரும் ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிடும், ஏற்கெனவே சர்க்கரை உள்ளவர்கள் முதல் நாளே சொல்லுங்கள். அந்த ஸ்டீராய்டை மாலையில் விழுங்கினால் தூக்கமும் போகும். ஆக்ஸாலிபிளாட்டின் போடுபவர்களுக்குக் குளிர்ந்ததைத் தொட்டாலே விரல் மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்கும். ஃப்ரிட்ஜைத் திறக்கக்கூடக் கையுறை வேண்டும், ஜனவரியில் வெளியே போவதைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

கையேடுகளில் கதிர்வீச்சுக்குப் பிறகு தோல் சிவக்கும் என்று போட்டிருக்கும். நம் நிறத்தில் சிவப்பு தெரியாது, கருத்துப்போகும், எரியும், இறுகும். அதைச் சிவப்பு இல்லை என்று விட்டுவிடாதீர்கள். உணவு ஆலோசகர் சூப், உருளைக்கிழங்கு மசியல் என்று ஒரு தாளை நீட்டினால், நான் இட்லியும் குழைந்த சாதமும் சாப்பிடுகிறவன் என்று சொல்லுங்கள். அதற்கேற்ப மாற்றிச் சொல்வார்கள். வீட்டில் உறையூற்றிய தயிர் கூடுமா என்றும் அவரிடமே கேளுங்கள், வெள்ளை அணு குறைந்திருக்கும்போது விதி மாறும். ஊரிலிருந்து வந்த கஷாயம், லேகியம், மஞ்சள் கேப்ஸ்யூல் எதுவானாலும் பாட்டிலோடு கொண்டுபோய் மருந்தாளரிடம் காட்டுங்கள். திட்ட மாட்டார்கள்.

இன்னொரு விஷயம் எழுதவே கஷ்டமாக இருக்கிறது. அம்மாவிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்வது நம் வழக்கம். அது பாசத்தில் செய்வது, எனக்குத் தெரியும். இங்கே நோயாளியிடம்தான் நேரே பேசுவார்கள். மொழிபெயர்க்க மகன் வேண்டாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரை மருத்துவமனையே இலவசமாக ஏற்பாடு செய்யும். சந்திப்புக்கு முன்பே கேட்டு வையுங்கள். மகனை வைத்துக்கொண்டு எந்த அம்மாவும் தன் பெண்ணுறுப்பு எரிகிறது என்று சொல்ல மாட்டாள். எதற்கு மருந்து என்றே தெரியாதவர் எந்த வலியை யாரிடம் சொல்வார்?

மனம் விட்டுப் பேச மேக்மில்லன் என்ற புற்றுநோய் உதவி அமைப்பு இருக்கிறது, 0808 808 00 00, இலவசம். ஆங்கிலத்தில் தமிழ் என்று மட்டும் சொன்னால் மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். இரவு முழுக்க இயங்காது, அதனால் காய்ச்சலுக்கு இந்த நம்பர் இல்லை. மேகீஸ் என்ற புற்றுநோய் ஆதரவு மையங்கள் பல பெரிய மருத்துவமனை வளாகங்களிலேயே இருக்கின்றன. லண்டனில் பார்ட்ஸ், ராயல் ஃப்ரீ, சேரிங் கிராஸ் மூன்றிலும் உண்டு. முன்பதிவு வேண்டாம், கதவைத் திறந்து உள்ளே போனால் சமையலறை மேசையில் டீ போட்டுக் கொடுத்து உட்கார வைப்பார்கள். கூட வந்த கணவன், மனைவியும் போகலாம். என் தோழி முதன்முதலில் வாய்விட்டு அழுதது அங்கேதான். வீட்டில் பிள்ளைகள் பார்ப்பார்கள் என்று அதுவரை அடக்கியே வைத்திருந்தாள். ஊரில் என்றால் அத்தையும் சித்தியும் வந்து அடுப்படியைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

வலி அடங்கவில்லை என்றால் பாலியேட்டிவ் குழுவைக் கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் முடிவு வந்துவிட்டது என்று நம் வீடுகளில் அலறுகிறார்கள். வலி, குமட்டல், மூச்சிரைப்பு இவற்றை அடக்குவதில் தேர்ந்தவர்கள் அவர்கள். சிகிச்சை நடக்கும்போதே பார்ப்பார்கள், இந்தப் பராமரிப்பைத் தரும் இல்லங்களான ஹாஸ்பிஸ்களும் பணம் வாங்குவதில்லை.

விசிட்டர் விசாவில் பெற்றோரை அழைப்பவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு. அவசரப் பிரிவில் முதலில் பார்ப்பது இலவசம், வார்டில் சேர்த்தால் என்எச்எஸ் என்ற அரசு மருத்துவச் சேவைக்கு ஆகும் செலவில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். பயணக் காப்பீட்டில், முன்பே இருந்த நோய்க்கும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று டிக்கெட் போடும் முன்பே பாருங்கள்.