இத்தாலியத் தேனீப் பெட்டியில் வரோவா உண்ணி: எண்ணிப் பார்த்துக் கட்டுப்படுத்தும் முறை

பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு “உண்ணி எதுவும் கண்ணில் படவில்லை” என்று மூடிவிடாதீர்கள். முட்டையும் புழுவும் இருக்கும் பெட்டியில் வரோவாவில் பெரும்பங்கு, தேனீக் குஞ்சு வளரும் மெழுகால் மூடிய அறைகளுக்குள்தான் இருக்கும். வெளியே இருப்பவையும் தேனீயின் வயிற்று மடிப்புகளுக்குள் நுழைந்துகொள்ளும். சிறகு சுருங்கிய தேனீக்கள் வாசலில் ஊர்வதைப் பார்க்கும்போது பாதிப்பு முற்றியிருக்கும். அதனால் மாதம் ஒருமுறை எண்ண வேண்டும்.

இந்த உண்ணி ஆதியில் ஆசியத் தேனீயான ஏபிஸ் செரானாவில் வாழ்ந்தது. அதன் ஒரு வகைதான் நாம் வளர்க்கும் இந்தியத் தேனீ. அதில் உண்ணி பெரும்பாலும் ஆண் தேனீ அறைகளில்தான் பெருகும். தேனீக்களும் ஒன்றையொன்று துப்புரவு செய்து சமாளித்துக்கொள்ளும். இத்தாலியத் தேனீயில் பணித் தேனீ அறைகளிலும் பெருகுவதால் கூட்டமே அழிந்துபோகலாம். கீழே உள்ள அளவுகள் இத்தாலியத் தேனீக்கு உரியவை.

சர்க்கரைப் பொடி சோதனை

தேவையானவை: அகன்ற வாயுள்ள அரை லிட்டர் ஜாடி, மூடியின் நடுவை வெட்டிவிட்டுப் பொருத்திய 3 மி.மீ. கண்ணுள்ள கம்பி வலை, 120 மி.லி. குவளை, இரண்டு மேசைக்கரண்டி சர்க்கரைப் பொடி, ஒரு பேசின், ஒரு வெள்ளைத் தட்டு. பொடி மாவுபோல் நைசாகவும் ஈரமின்றியும் இருக்க வேண்டும். மழை நாளிலோ தேன் சொட்டும் அடையிலோ இதைச் செய்தால் பொடி கட்டிதட்டி, உண்ணி தேனீயோடு ஒட்டியே இருந்துவிடும். கணக்கு குறைவாக வரும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள்.

1. மூடாத புழுக்கள் உள்ள சட்டம் ஒன்றை எடுங்கள். புழுவுக்கு ஊட்டும் இளந்தேனீக்களிடம்தான் உண்ணி அதிகம். ஓரச் சட்டத்துத் தேனீக்கள் வேண்டாம்.

2. ராணி அந்தச் சட்டத்தில் இல்லை என்று இரண்டு முறை பாருங்கள். சந்தேகம் இருந்தால் வேறு சட்டம் எடுங்கள்.

3. தேனீக்களைப் பேசினில் உதறி, குவளை நிறைய அள்ளி ஜாடியில் போட்டு வலையால் மூடுங்கள். இது சுமார் 300 தேனீ.

4. வலை வழியே பொடியைக் கொட்டி, ஜாடியை ஒரு நிமிடம் மெல்ல உருட்டுங்கள். பிறகு மூன்று நிமிடம் நிழலில் வையுங்கள். இந்தக் காத்திருப்பை விட்டுவிடாதீர்கள். உண்ணி பிடி விடுவது அப்போதுதான்.

5. ஜாடியைக் கவிழ்த்து, வெள்ளைத் தட்டின் மேல் ஒரு நிமிடம் பலமாக உலுக்குங்கள். தட்டில் நீர் தெளித்தால் சர்க்கரை கரைந்து, செம்பழுப்பு நிறத்தில், நண்டுபோல் அகலம் கூடிய உண்ணிகள் தெரியும்.

எண்ணிக்கையை 3-ஆல் வகுத்தால் 100 தேனீக்கு எத்தனை என்று கிடைக்கும். 9 உண்ணி என்றால் நூற்றுக்கு 3: உடனே சிகிச்சை வேண்டும். நூற்றுக்கு 2 வந்தால் சிகிச்சைக்கு ஆயத்தமாகுங்கள். தேனீக்களைப் பெட்டிக்குள்ளேயே கொட்டிவிடலாம். மற்றத் தேனீக்கள் நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

நீளவாக்கில் மெலிந்து, விரைந்து ஓடும் உண்ணி தென்பட்டால் அது வரோவா அல்ல, டிராபிலேலாப்ஸ். அது தேனீயின் மேல் அதிக நேரம் தங்காது. இந்தச் சோதனையில் சரியாகச் சிக்காது.

ராணியை அடைத்து ஆக்சாலிக் அமிலம்

ஆக்சாலிக் அமிலம் தேனீயின் மேலுள்ள உண்ணியைக் கொல்லும், ஆனால் மூடிய அறைக்குள் புகாது. குளிர்நாடுகளில் குளிர்காலத்தில் முட்டையிடுவது தானாக நிற்கும். வெப்பநாட்டில் அந்த இடைவெளியை நாம்தான் உண்டாக்க வேண்டும். இதைச் செய்யாமல் அமிலத்தை மட்டும் ஊற்றுவது பெரும்பாலும் வீண் வேலை.

ராணியை வலைக்கூண்டில் இட்டு, புழுச் சட்டங்களுக்கு நடுவே 24 நாள் வையுங்கள். பணித் தேனீ 21 நாளிலும் ஆண் தேனீ 24 நாளிலும் வெளிவந்துவிடும். உண்ணிக்கு ஒளிய அறை இருக்காது. ஏழாம் நாள் பார்த்து, புதிய ராணி அறைகள் எழும்பியிருந்தால் கலைத்துவிடுங்கள். பூக்காலத்திலும், பலவீனமான பெட்டியிலும் இதைத் தொடங்க வேண்டாம்.

24ஆம் நாள் மாலை, தேன் அறையை எடுத்துவிட்டுக் கரைசலை அன்றே தயாரியுங்கள். 125 கிராம் சர்க்கரையை 125 மி.லி. வெந்நீரில் கரைத்தால் ஏறத்தாழ 200 மி.லி. பாகு வரும். இளஞ்சூடாக இருக்கும்போது 7 கிராம் ஆக்சாலிக் அமில டைஹைட்ரேட் சேருங்கள். கடையில் விற்கும் துரு நீக்கி இதற்கு ஆகாது. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அலுமினியப் பாத்திரம் வேண்டாம்.

ஊசியில்லாத சிரிஞ்சால், தேனீ நிறைந்த ஒவ்வொரு சட்ட இடைவெளியிலும் 5 மி.லி. வீதம் தேனீக்களின் மேலேயே சொட்டவிடுங்கள். ஒரு பெட்டிக்கு 50 மி.லி.க்கு மேல் போகக் கூடாது. உடனே ராணியைத் திறந்துவிடுங்கள். நல்லதுதானே என்று அடுத்த வாரமும் ஊற்றினால் தேனீக்களுக்குத்தான் கேடு. மிஞ்சிய கரைசலைச் சேமிக்காதீர்கள். வெப்பத்தில் அது தேனீக்கு நஞ்சாக மாறும்.

ஏழு நாள் கழித்து மறுபடி சர்க்கரைச் சோதனை செய்யுங்கள். இன்னும் நூற்றுக்கு 2 இருந்தால், ஏதோ ஓர் அடையில் மூடிய ஆண் தேனீ அறைகள் தப்பியிருந்தனவா, பக்கத்துப் பெட்டிகளுக்குச் சிகிச்சை செய்யாமல் விட்டீர்களா என்று பாருங்கள். தேனீக்கள் பெட்டி மாறிப் போகும்போது உண்ணியையும் சுமந்தே போகும். ஒரே தோட்டத்தில் உள்ள எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே வாரத்தில் செய்யுங்கள்.