பழைய டவுன்ஹில் சைக்கிள்: வாங்கலாமா, விட்டுவிடலாமா என்று முடிவு செய்வது எப்படி

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள விஸ்லர் மலையில், குளிர்காலத்தில் பனிச்சறுக்கு வீரர்களை ஏற்றிச் செல்லும் லிஃப்டுகள் கோடையில் சைக்கிள்களைச் சுமந்துகொண்டு ஏறுகின்றன. அங்குள்ள சைக்கிள் பூங்கா ஏறத்தாழ மே மாத நடுவில் திறந்து அக்டோபர் தொடக்கத்தில் மூடும். மூடும் காலம் நெருங்கும்போது, வாடகைக் கடைகள் பருவம் முழுவதும் ஓடிய சைக்கிள்களை விற்பனைக்கு வைப்பது வழக்கம். அடுத்த ஆண்டுக்குப் புதியது வாங்க நினைப்பவர்களும் தங்கள் பழைய சைக்கிள்களை அப்போதுதான் விளம்பரம் செய்வார்கள். மலையிலிருந்து இறங்குவதற்கென்றே செய்யப்பட்ட, நல்ல பெயருள்ள டவுன்ஹில் சைக்கிள் ஒன்று புதிய விலையில் பாதிக்குக் கண்ணில் படும்போது, முதன்முறை வாங்குபவருக்கு அது மலிவாகவே தெரியும். ஆனால் விளம்பரத்தில் உள்ள விலையை மட்டும் வைத்து அதைச் சொல்லிவிட முடியாது.

பழைய டவுன்ஹில் சைக்கிளில் காணும் குறைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டயர் தேய்வு, பிரேக் பேட் தேய்வு, பேரிங் ஆட்டம் போன்றவை பணம் செலவழித்தால் தீரும். அவற்றைக் கணக்கில் ஏற்றி விலையைக் குறைத்துக் கேட்கலாம். ஃபிரேமில் விரிசல், உதிரிபாகம் கிடைக்காத பழைய அளவுகள், திருட்டுப் பொருளோ என்ற ஐயம் ஆகியவை வேறு வகை. இவற்றில் ஒன்று இருந்தாலும் எந்த விலைக்கும் வேண்டாம். ஆகவே இரண்டாம் வகைக் குறைகளை முதலில் தேடும்படி கீழ்க்காணும் படிகளை வரிசைப்படுத்தியிருக்கிறேன். நடுவிலேயே "வேண்டாம்" என்று தெரிந்துவிட்டால் மற்ற படிகளுக்கு நேரம் செலவிட வேண்டியதில்லை.

படி 1: இந்த வகைச் சைக்கிள் உங்களுக்கு வேண்டுமா?

டவுன்ஹில் சைக்கிள் இறங்குவதற்கென்றே கட்டப்பட்டது. முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் பின் சக்கரமும் ஏறத்தாழ 200 மி.மீ. வரை அமுங்கும், ஃபோர்க்கின் இரு கால்களும் ஹேண்டில்பார் உயரம் வரை சென்று, மேலும் கீழும் கிரவுன் எனப்படும் இரண்டு குறுக்குப் பிணைப்புகளால் இணைக்கப்பட்டிருக்கும். எடை பெரும்பாலும் 15 முதல் 18 கிலோ. பின்னால் ஏழே கியர்கள் இருப்பது இயல்பு. உட்கார்ந்து மிதிக்க வசதியில்லாத அளவுக்குச் சீட் தாழ்வாக இருக்கும். லிஃப்டோ, மேலே ஏற்றிவிடும் வண்டியோ இல்லாத ஊரில் இதை வைத்திருப்பது யானையைக் கட்டித் தீனி போடுவதற்குச் சமம். மிதித்து ஏறி இறங்க வேண்டிய மலைதான் அருகில் இருக்கிறது என்றால், 160 அல்லது 170 மி.மீ. அமுங்கும் எண்டூரோ சைக்கிளைத் தேடுவதே நல்லது.

படி 2: நேரில் போகும் முன் கேட்க வேண்டியவை

மாடல் ஆண்டு, ஃபிரேம் அளவு, விற்பவர் முதல் உரிமையாளரா, ஃபோர்க்கும் ஷாக்கும் (பின்பக்க அதிர்வுத் தாங்கி) கடைசியாக எப்போது சர்வீஸ் செய்யப்பட்டன, ரசீது இருக்கிறதா என்பவற்றைக் கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் ஃபிரேமுக்குத் தரும் உத்தரவாதம் முதல் உரிமையாளரோடு முடிந்துவிடும் என்பதால், "இன்னும் வாரண்டி இருக்கிறது" என்ற சொல்லுக்கு விலை கொடுக்க வேண்டாம்.

ஃபிரேம் எண் பொதுவாகப் பெடல் அச்சுக்கு அடிப்புறத்தில் பொறிக்கப்பட்டிருக்கும். அதன் படத்தை அனுப்பச் சொல்லி, திருட்டுப்போன சைக்கிள்களைப் பதிவு செய்யும் பைக் இண்டெக்ஸ், 529 கராஜ் போன்ற தளங்களில் தேடிப் பாருங்கள். எண்ணைத் தரத் தயங்குபவரிடமோ, எண் சுரண்டப்பட்ட சைக்கிளிடமோ மேற்கொண்டு போக வேண்டாம்.

அடுத்து அளவுகள். புதியவர்கள் பெரும்பாலும் கவனிக்காமல் விடுவது இதைத்தான். 2010களின் நடுப்பகுதிவரை டவுன்ஹில் சைக்கிள்கள் 26 அங்குலச் சக்கரத்தில் வந்தன, பிறகு 27.5 அங்குலம் வந்தது. 2017இல் பிரான்சின் லூர்து நகரில் நடந்த உலகக் கோப்பைப் பந்தயத்தில் 29 அங்குலச் சக்கரங்கள் களமிறங்கிய பின் சந்தை அந்தப் பக்கம் சாய்ந்தது. முன்னால் 29, பின்னால் 27.5 என்ற கலப்பு அமைப்பும் இப்போது பரவலாகிவிட்டது. 26 அங்குலச் சைக்கிள் ஓட்டுவதற்கு மோசமானதன்று. ஆனால் அதற்கான புதிய ஃபோர்க், தரமான ரிம், விரும்பிய டயர் ஆகியவை ஆண்டுக்கு ஆண்டு அரிதாகி வருகின்றன. முன் சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பிலும் ஒரு கண்ணி உண்டு. பழைய ஃபோர்க்குகளும் 'பூஸ்ட்' எனப்படும் புதிய அளவு ஃபோர்க்குகளும் 20×110 (அச்சின் தடிமன், ஹப்பின் அகலம், மி.மீ.இல்) என்ற ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும், பிரேக் டிஸ்க் அமையும் இடம் மாறிவிட்டதால் பழைய சக்கரம் புதிய ஃபோர்க்கில் அப்படியே பொருந்தாது. பின்பக்கத்தில் 150 மி.மீ., 157 மி.மீ. என இரு ஹப் அகலங்கள் உண்டு. இவற்றையெல்லாம் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பின் கியர் மாற்றியை அந்த ஃபிரேமோடு பிணைக்கும் கியர் ஹேங்கர் இன்றும் விற்பனையில் இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். கையளவுகூட இல்லாத அந்த உலோகத் துண்டு கிடைக்காமல் போனால், ஒரு சிறிய விழுகைக்குப் பிறகு சைக்கிள் முழுவதுமே முடங்கிவிடும்.

படி 3: ஃபிரேமை அங்குலம் அங்குலமாகப் பார்ப்பது

பகல் வெளிச்சத்தில் போங்கள்; ஒரு சிறிய டார்ச், ஈரத் துணி, ஒரு நாணயம் ஆகியவற்றைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். சைக்கிள் கழுவப்படாமல் இருந்தால் துடைத்துவிட்டுப் பாருங்கள். காய்ந்த மண் விரிசலை மறைப்பதைப் போல வேறெதுவும் மறைப்பதில்லை.

அலுமினிய ஃபிரேமில் விரிசல் பெரும்பாலும் வெல்டிங்கின் ஓரத்தில்தான் தொடங்கும். ஹேண்டில்பாரைத் தாங்கும் தலைக்குழாயும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தின் அடிப்புறம், ஷாக் பொருத்தப்படும் காதுகள், பெடல் அச்சைச் சுற்றிய வெல்டிங், பின்சக்கரத்தைத் தாங்கும் பின்கையின் இணைப்புகள், சீட் குழாயின் மேல் வாய் ஆகிய இடங்களை வரிசையாகப் பாருங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் சாய்த்துப் பிடித்தால், மயிரிழை போன்ற கோடும் நிழலோடு தெரியும். வெறும் பெயின்ட் கீறலா, உலோக விரிசலா என்ற ஐயம் வந்தால் கோட்டின் போக்கைக் கவனியுங்கள்: கல்லடியால் வந்த கீறல் எங்கோ தொடங்கி எங்கோ நிற்கும், விரிசல் வெல்டிங்கின் விளிம்பையொட்டியே ஊர்ந்து செல்லும், துடைத்த பிறகும் அந்தக் கோட்டில் கருமை தங்கியிருக்கும். அந்த இடத்தில் மட்டும் புத்தம்புது ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால், அதை எடுத்துக் காட்டும்படி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

"வெல்டிங் வைத்துவிட்டால் சரியாகிவிடும்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். சைக்கிள் ஃபிரேமுக்குப் பரவலாகப் பயன்படும் 6061 போன்ற அலுமினியக் கலவைகள் வெப்பப் பதப்படுத்தலால்தான் முழு வலிமை பெறுகின்றன. வெல்டிங்கின் சூடு பட்ட பகுதி அந்த வலிமையை இழந்துவிடும். தொழிற்சாலையில் வெல்டிங்குக்குப் பிறகு மீண்டும் பதப்படுத்துகிறார்கள்; பட்டறையில் அது பெரும்பாலும் நடப்பதில்லை.

கார்பன் ஃபிரேமில் நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே நகருங்கள். நல்ல இடத்தில் ஒலி கூர்மையாகக் கேட்கும்; உள்ளடுக்குகள் பிரிந்த இடத்தில் மொத்தென்று மங்கும். இணைப்புகளுக்கு அருகில் சுவர் தடிமனாக இருப்பதால் அங்கு ஒலி இயல்பாகவே மாறும் என்பதையும் நினைவில் வைத்து, ஐயமுள்ள இடத்தை எதிர்ப்பக்கத்தில் அதே இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கார்பனைப் பழுதுபார்க்கும் தனித்தொழிலாளர்கள் உண்டு என்றாலும், முதல் சைக்கிளிலேயே அந்த வேலையில் இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

இரட்டைக் கிரவுன் ஃபோர்க்குக்கே உரிய மற்றொரு தடயமும் உண்டு. விழும்போது ஹேண்டில்பார் முழுதாகத் திரும்பினால் ஃபோர்க்கின் கால் ஃபிரேமில் போய் மோதும். அதைத் தாங்கவே கால்களில் ரப்பர் தாங்கிகள் இருக்கும். தாங்கி இல்லாமலோ, இடம் நழுவியோ இருந்தால் அதற்கு நேரே ஃபிரேம் குழாயில் நசுங்கல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

படி 4: ஃபோர்க், ஷாக்

ஃபிரேமுக்கு அடுத்து விலை மிகுந்தவை இவைதான். ராக்‌ஷாக்ஸ் பாக்ஸர், ஃபாக்ஸ் 40 போன்ற ஃபோர்க்குகள் புதிதாக ஆயிரம் கனடிய டாலரைத் தாண்டும்.

பளபளக்கும் உட்குழாய்களைச் சுற்றிலும் பாருங்கள். குறிப்பாக யாரும் குனிந்து பார்க்காத பின்புறத்தை. நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் சிக்கும் கீறல் ஆயில் சீல் வளையத்தைத் தொடர்ந்து கிழிக்கும். பொன்னிறப் பூச்சு ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து வெள்ளி நிறமாகியிருந்தால், எண்ணெய் மாற்றாமலே நெடுநாள் ஓட்டியிருக்கிறார்கள் என்று கொள்ளலாம். குழாயை மாற்றும் செலவு, பழைய ஃபோர்க்கின் மதிப்பையே எட்டிவிடக் கூடும்.

பிறகு முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு சைக்கிளை முன்னும் பின்னுமாக ஆட்டுங்கள். மறுகையின் விரல்களை முதலில் தலைக்குழாயின் அடியிலும், பிறகு உட்குழாய் கீழ்க்காலுக்குள் நுழையும் இடத்திலும் வையுங்கள். ஆட்டம் முதல் இடத்தில் என்றால் ஹெட்செட் (தலைக்குழாயில் உள்ள பேரிங்) தளர்ந்திருக்கிறது, இறுக்கினால் தீரும். இரண்டாம் இடத்தில் என்றால் ஃபோர்க்கின் புஷ் (உட்குழாய் வழுக்கிச் செல்லும் உள்வளையம்) தேய்ந்திருக்கிறது. அது கடை வேலை.

பின்பக்கத்துக்கு, சீட்டைப் பிடித்துப் பின்சக்கரம் தரையை விட்டு எழும் அளவுக்கு மெல்லத் தூக்குங்கள். சக்கரம் எழுவதற்கு முன் சிறிது வெற்று அசைவு தெரிந்தால், ஷாக்கின் முனைகளிலோ இணைப்புப் பேரிங்குகளிலோ தேய்வு இருக்கிறது. ஷாக்கை அமுக்கி விடும்போது சளசளவென்று ஒலி கேட்டால், எண்ணெய்ப் பகுதிக்குள் காற்று புகுந்திருக்கலாம். ரீபவுண்ட் திருகை இரு முனைக்கும் திருப்பிப் பாருங்கள்; மீளும் வேகம் மாறவில்லையென்றால் உள்ளே கோளாறு. சுருள்வில் ஷாக் என்றால் வில்லின் மேல் 400, 450 என்பது போல ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அது வில்லின் விறைப்பு. விற்பவர் உங்களைவிட மிகவும் கனத்தவராகவோ மெலிந்தவராகவோ இருந்தால் வில்லை மாற்ற வேண்டிவரும். அது பெரிய செலவன்று.

கீழ்க்கால்களின் எண்ணெயை ஏறத்தாழ 50 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றும்படி ராக்‌ஷாக்ஸ் போன்ற நிறுவனங்கள் சொல்கின்றன. லிஃப்டில் ஏறி நாள் முழுக்க இறங்குபவர் இரண்டு மூன்று வாரங்களிலேயே அந்த எல்லையை எட்டிவிடுவார். ரசீது இல்லையென்றால் சர்வீஸ் நடக்கவில்லை என்றே கணக்கிடுங்கள். வாடகைச் சைக்கிள்கள் கடுமையாக ஓடினாலும் அடிக்கடி மெக்கானிக் கைக்குப் போவதால், பராமரிப்பேடு உள்ள வாடகைச் சைக்கிளை "எப்போதாவதுதான் ஓட்டினேன்" என்று சொல்பவரின் சைக்கிளைவிட நான் மேலாக நினைப்பதுண்டு.

படி 5: மற்றவை

இவை தேயும் பொருள்கள். விரைவாகப் பார்த்துக் குறித்துக்கொண்டால் போதும். ரிம்மின் ஓரத்தைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். சிறு நசுங்கல் இயல்பு. கார்பன் ரிம்மில் ஸ்போக் துளையருகே விரிசல் இருந்தால் அந்தச் சக்கரத்துக்கு மதிப்பில்லை. சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பாருங்கள். பெண்ட் எடுப்பது எளிது, ஆனால் பல ஸ்போக்குகள் தளர்ந்திருந்தால் ரிம்மே வளைந்திருக்கலாம். பிரேக் லீவரை இறுகப் பிடித்து அரை நிமிடம் வைத்திருங்கள். லீவர் மெல்ல உள்ளே இறங்கினால் எண்ணெய் கசிகிறது. டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் பொறிக்கப்பட்டிருக்கும். நீலம் பாய்ந்த டிஸ்க் அதிகச் சூடு கண்டது. செயினும் பல்சக்கரமும் இந்த வகைச் சைக்கிளில் பெரிய செலவல்ல. ஹேண்டில்பார் எந்த நிலையில் இருந்தாலும், அதன் விழுந்த வரலாறு உங்களுக்குத் தெரியாது என்பதால், புதிதாக மாற்றிவிடுவது நல்லது.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

மலைப் பாதை வேண்டாம். காலியான வண்டி நிறுத்துமிடம் போதும். பெடலில் நின்று ஏறி இறங்கி அழுத்துங்கள், நடைபாதை விளிம்பிலிருந்து இறக்குங்கள், இரு பிரேக்குகளையும் தனித்தனியே பிடித்து நிறுத்துங்கள். கிரீச்சிடும் ஒலி எங்கிருந்து வருகிறது என்று தேடுங்கள். பெடலும் சீட்டும் காரணமில்லை என்றால் மூன்றாம் படியில் சொன்ன இடங்களை மறுபடியும் டார்ச்சோடு பாருங்கள். நேராக ஓட்டும்போது பின்னாலிருந்து ஒருவர் கவனித்தால் இரு சக்கரங்களும் ஒரே கோட்டில் வருகின்றனவா என்பது தெரிந்துவிடும்.

படி 7: கணக்குப் போடுவது

விற்பவர் 2,800 டாலர் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஃபோர்க்கும் ஷாக்கும் சர்வீஸ் செய்ய 400, டவுன்ஹில் டயர் இரண்டுக்கு 220, பிரேக் பேடும் எண்ணெய் மாற்றலும் 120, இணைப்புப் பேரிங்குகளுக்குக் கூலியோடு 200, ஹேண்டில்பாருக்கு 100 என்று எழுதினால் 1,040 சேர்கிறது. இந்த எண்கள் எடுத்துக்காட்டு மட்டுமே. உங்கள் ஊர்க் கடையில் கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். ஆக, அந்தச் சைக்கிளின் உண்மையான விலை 3,840. சர்வீஸ் ரசீதோடு 3,500 கேட்கும் மற்றொன்று பக்கத்தில் இருந்தால் மலிவானது அதுதான். பட்டியலை விற்பவரிடமே காட்டி விலை பேசுங்கள். பொதுவாகக் குறைத்துக் கேட்பதைவிட, பொருள் பொருளாகச் சொல்லிக் கேட்கும்போது மறுப்பது அவருக்குக் கடினம். விலை படியவில்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு வாருங்கள். பருவம் முடியும் வாரங்களில் விளம்பரங்களுக்குப் பஞ்சமில்லை.

விலை படிந்தால், பணம் கைமாறும் முன் ஃபிரேம் எண், தேதி, தொகை, விற்பவரின் பெயர் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். அதே நாளில் அந்த எண்ணை உங்கள் பெயரில் பதிவு செய்துவிடுங்கள்.