கல்யாண மேளம் முதல் டிஜே வரை: நல்ல ஆளைப் பிடிக்க யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது

சிங்கப்பூரில் மண்டபம் பிடிப்பதையும் சாப்பாட்டுக்குச் சொல்வதையும் இணையத்தில் தேடியே முடித்துவிடலாம். இசைக்கு அந்த வழி பாதி தூரம்தான் போகும். நன்றாக வாசிக்கும் பலர் பகலில் அலுவலகம் போகிறவர்கள், விளம்பரம் போடமாட்டார்கள். ஒருவர் சொல்லி இன்னொருவர் அழைக்கிற உலகம் இது. முதன்முதலாகக் கல்யாணமோ பிறந்தநாள் விருந்தோ எடுத்து நடத்துகிறவருக்குப் பாட்டுப் பட்டியலைவிட ஆள் பழக்கம்தான் முதலில் கைகொடுக்கும்.

1. ஒரு தாளில் நேரங்களை எழுதுங்கள்

பாட்டுகளை அப்புறம் யோசிக்கலாம். கோவில் கல்யாணமென்றால் மாப்பிள்ளை அழைப்பு, மாலை மாற்றுதல், ஊஞ்சல், தாலி கட்டும் நேரம், ஆசீர்வாதம், பந்தி. மாலை வரவேற்பென்றால் மணமக்கள் நுழைவது, கேக், பேச்சு, சாப்பாடு, ஆட்டம். ஒவ்வொன்றுக்கும் எதிரே மூன்று விவரம் போடுங்கள்: எத்தனை நிமிடம், நேரடி இசையா ஒலிப்பதிவா, தொடங்கச் சொல்லிச் சைகை காட்டுவது யார். இந்தத் தாள் இல்லாமல் ஒருவரை அழைத்தால் பேச்சு ‘எவ்வளவு கேட்பீங்க?’ என்று தொடங்கி அங்கேயே நின்றுவிடும்.

கோவிலுக்கு நாதஸ்வரம் 2, தவில் 2, சுருதிப் பெட்டி, தாளம் என்பது முழுக் குழு. செலவைக் குறைக்க ஒரு நாதஸ்வரம், ஒரு தவில் போதுமென்று சிலர் சொல்வார்கள். சடங்கு ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தால் சரி. இரண்டு மணி நேரம் போனால் ஒருவரே ஊதி நிற்க முடியாது. மூச்சு வாங்கும் நேரமெல்லாம் மௌனம் விழும், அதுவும் கூட்டம் கவனிக்கிற இடத்தில்தான் விழும். வீட்டு நலங்குக்கு மேளமே தேவையில்லை, ஒரு நல்ல ஒலிபெருக்கி போதும்.

2. விருந்தாளியைக் கேட்காதீர்கள், வேலை பார்த்தவரைக் கேளுங்கள்

‘எங்க அண்ணன் கல்யாணத்துல சூப்பரா இருந்துச்சு’ என்று உறவினர் சொல்வதில் தகவல் குறைவு. அந்தக் குழு எத்தனை மணிக்கு வந்தது, ஒயர் இழுக்க எவ்வளவு நேரம் பிடித்தது, மைக் எத்தனை முறை வீறிட்டது என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் வேறு.

காணொளி எடுப்பவர்தான் முதல் ஆள். பலர் மிக்சர் என்ற ஒலிக்கலவைக் கருவியிலிருந்தே ஒலியை நேராக இழுத்துக்கொள்வார்கள். யாருடைய ஒலியில் இரைச்சல், யாருடையதில் பேச்சு தெளிவு என்பது அவர் காதுக்கு நன்றாகவே தெரியும். அடுத்து மண்டபப் பொறுப்பாளர். யார் தாமதமாக வந்தார்கள், யாரால் மின்சாரம் விழுந்தது, யார் குப்பையை விட்டுப் போனார்கள் என்ற கணக்கு அவரிடம் இருக்கும். நிகழ்ச்சி நெறியாளருக்கு எந்த டிஜே சொன்ன பேச்சைக் கேட்பார் என்று தெரியும். மேளத்துக்குக் கோவில் குருக்களைக் கேளுங்கள். மந்திரம் எங்கே நிற்கும், எங்கே வாசிக்கலாம் என்று சொல்லாமலே புரிந்துகொள்ளும் குழு எதுவென்று அவர் ஒரே வரியில் சொல்லிவிடுவார்.

நேரில் பார்த்துத் தேடவும் இடங்கள் உண்டு. நவராத்திரி ஒன்பது இரவும் டேங்க் ரோடு தண்டாயுதபாணி கோவிலில் உள்ளூர்க் கலைஞர்கள் மேடையேறுகிறார்கள். நவம்பரை ஒட்டி எஸ்பிளனேடு கலை அரங்கில் கலா உத்சவம் என்ற இந்தியக் கலை விழா. 1949இல் தொடங்கிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகத்தின் நிகழ்ச்சிகள், மக்கள் கழகத்தின் கீழ் இயங்கும் சிங்கப்பூர் இந்திய இசைக்குழுவின் கச்சேரிகள் எல்லாம் வயலின், புல்லாங்குழல், மிருதங்கம் வாசிப்பவர்களைக் கண்டுகொள்ள நல்ல இடம். மேடைக்குப் போகும் முன் பிடிக்காதீர்கள். வாத்தியத்தைப் பெட்டியில் வைக்கும் நேரத்தில் ஒரு நிமிடம்: வாசித்ததில் ஒன்றைக் குறிப்பிட்டுப் பாராட்டிவிட்டு, ‘உங்க நிகழ்ச்சி ஏற்பாட்டை யார் பார்த்துக்கறாங்க?’ என்று கேளுங்கள். விலை பேச்சு அங்கே வேண்டாம்.

3. மாதம் பார்த்து அழையுங்கள்

வைகாசி, ஆவணி, தை மாத முகூர்த்த நாள்களுக்கு மேளம் ஆறிலிருந்து ஒன்பது மாதம் முன்பே போய்விடும். ஒரே நல்ல நாளில் எல்லாரும் ஒரே சிலரைத்தான் கேட்கிறார்கள். ஆடியில் கல்யாணம் இல்லை என்பதால் டிஜே, நெறியாளர், மெல்லிசைக் குழுக்களுக்குச் சற்று ஓய்வு. உட்கார்ந்து காப்பி குடித்துப் பேச அதுதான் தோதான நேரம். கோவில் மேளக்காரர்களுக்கு மட்டும் ஆடி வெள்ளியும் திருவிழாவுமாக இருக்கும், அவர்களை விட்டுவிடுங்கள். மார்கழியும் ஏமாற்றும்: கல்யாணம் இல்லை, ஆனால் டிசம்பரில் நிறுவன விருந்துகளில் டிஜேக்களுக்குத் தலைக்கு மேல் வேலை.

4. கேட்கும் விதம்

‘நல்ல டிஜே யாராவது தெரியுமா?’ என்று ஒரு வரியை எல்லாருக்கும் அனுப்பினால், பத்துப் பேர் பத்து எண்ணை அனுப்புவார்கள், பத்தும் பயன்படாது. ஒரு படக்காரருக்கு இப்படி எழுதலாம்:

“வணக்கம் அண்ணா. ஆவணியில ஒரு சனிக்கிழமை மாலை, சுமார் 180 பேர், சமூக மன்ற மண்டபம். டிஜேயும் ஒலியமைப்பும் மட்டும் வேணும். நீங்க படம் எடுத்த நிகழ்ச்சிகள்ல நேரத்துக்கு வந்து, பேச்சு நடக்கும்போது சத்தத்தைக் குறைச்ச டிஜே யாராவது நினைவுக்கு வர்றாங்களா? உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடலாமா?”

நாளும் ஆள்கணக்கும் இருப்பதால் அவர் பொருத்தமானவரை யோசிப்பார். ‘நல்ல’ என்பதற்குப் பதிலாகக் கண்ணால் பார்த்த ஒன்றைக் கேட்பதால் பதில் நேராக வரும். பெயரைச் சொல்ல அனுமதி கேட்பதுதான் இதில் மிக முக்கியம். யார் சொல்லி வருகிறீர்கள் என்று தெரிந்தால் மறுமுனையில் இருப்பவர் பொறுப்பாகப் பேசுவார். ஒரே பெயர் இரண்டு தனித்தனி ஆள்களிடமிருந்து வந்தால் அவரை முதலில் அழையுங்கள்.

சில பரிந்துரைகளுக்குப் பின்னால் கமிஷன் உண்டு. தவறில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். ‘நீங்க சேர்ந்து வேலை செய்யறவங்களா, இல்ல பார்த்துப் பிடிச்சவங்களா?’ என்று சிரித்தபடியே கேட்டுவிடலாம்.

இன்னொரு எச்சரிக்கை. கோவிலில் நன்றாக வாசித்தார் என்று மேளக்காரரைத் தனியே கூப்பிட்டு வெளி நிகழ்ச்சிக்கு அழைக்காதீர்கள். வேலை அனுமதிச் சீட்டில் வந்தவர் அதில் உள்ள முதலாளியிடம் மட்டுமே வேலை செய்யலாம். உங்கள் ஆசையால் அவருடைய பிழைப்புக்கே ஆபத்து வரும். கோவில் அலுவலகத்தில் கேளுங்கள்.

5. சரிபார்த்து, எழுத்தில் வாங்குங்கள்

வெட்டி ஒட்டிய விளம்பரக் காணொளி வேண்டாம். கைப்பேசியில் எடுத்த, வெட்டாத ஐந்து நிமிடத்தைக் கேளுங்கள். பாட்டு மாறும் இடமும் இடையில் மைக் பேச்சும் அதில் இருக்க வேண்டும். பிறகு வாட்ஸ்அப்பிலாவது இவற்றை எழுதி வாங்குங்கள்: வரும் நேரம், வாசிக்கும் நேரம், கொண்டுவரும் சாமான், கூடுதல் நேரத்துக்கு என்ன விலை, அவரால் வர முடியாவிட்டால் யார் வருவார். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். பேநௌவில் அனுப்பும்போது திரையில் வரும் பெயர் நீங்கள் பேசிய ஆளுடையதா, நிறுவனத்துடையதா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

மண்டபத்திடம் மூன்று கேள்வி: வெளியாள் ஒலியமைப்புக்குத் தனிக் கட்டணமா? சாமான் ஏற்ற எந்த மின்தூக்கி, எத்தனை மணிக்கு? பாடல் உரிமத்துக்கு யார் பொறுப்பு? இங்கே பொது இடத்தில் பாடல் ஒலிக்க உரிமம் தரும் அமைப்புகளில் ஒன்று காம்பஸ் (இசையமைப்பாளர், பாடலாசிரியர் சங்கம்). மண்டபம் ஏற்கெனவே எடுத்திருக்கலாம், ஊகிக்காமல் கேட்டுவிடுங்கள்.

6. அவர்களை ஒருவருக்கொருவர் அறிமுகப்படுத்துங்கள்

பலர் விட்டுவிடும் படி இதுதான். ஒரு வாரம் முன்பு சிறு வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்குங்கள்: மேளத் தலைவர், ஒலியமைப்பாளர், நெறியாளர், காணொளிக்காரர், குடும்பத்தில் ஒருவர். அந்த ஒருவர் மணமக்களாக இருக்கக் கூடாது. அன்று அவர்கள் கையில் கைப்பேசி இருக்காது. முதல் படியில் எழுதிய தாளை அதில் போடுங்கள்.

ஏன் என்று தாலி கட்டும் நேரத்தில் தெரியும். ஒலிபெருக்கியில் மெல்லிய வீணை ஒலிப்பதிவு, குருக்கள் முன் திறந்த மைக், பக்கத்தில் மேளம். ‘கெட்டி மேளம்!’ என்ற குரல் எழுந்ததும் தவில் முழு வேகத்தில் வெடிக்கும்; திறந்திருக்கும் மைக் அதையும் இழுத்துப் பெருக்கிக் காதைப் பிளக்கும், அடியில் வீணை வேறு சுருதியில் இழைந்துகொண்டிருக்கும். காணொளியில் அந்த அரை நிமிடம் முழுக்கக் கரகரப்பு. இதைத் தவிர்க்கும் சைகை சடங்கிலேயே இருக்கிறது: தாலித் தட்டு சபையைச் சுற்றி ஆசி பெற்று வந்து குருக்கள் கைக்குத் திரும்பும் கணம். அப்போது ஒலிப்பதிவை நிறுத்தி, மைக்கைத் தாழ்த்த வேண்டும். காணொளிக்காரர் ஒலிப்பதிவு அளவைக் குறைக்க வேண்டும். ஒலியமைப்பாளர் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மாமா ஒருவரை நிறுத்தி, அவர் கையைத் தூக்கினால் போதும்.

மேளத் தலைவரிடம் ராகம் பற்றியும் ஒரு வார்த்தை பேசலாம். ஊஞ்சலுக்குக் குறிஞ்சியோ நவரோஜோ, முடிவில் மத்தியமாவதி என்பது அவர்கள் வழக்கம். சினிமாப் பாட்டு வேண்டுமென்றால் எந்த இடத்தில் என்று முன்பே சொல்லுங்கள். சில கோவில்களில் அதற்கு இடமில்லை.

7. சாமான், மின்சாரம்

180 பேருக்கு 12 அங்குல ஒலிபெருக்கி 2, ஆட்டம் இருந்தால் சப்வூஃபர் (அடித்தொனி ஒலிபெருக்கி) 1, கம்பியில்லா மைக் 2, மாற்று பேட்டரி 4, கம்பி மைக் ஒன்று இருப்பாக. பாட்டுகளை முன்பே இறக்கி வைத்து, கைப்பேசியை விமானப் பயன்முறையில் (flight mode) போட்டுக் கம்பியால் இணையுங்கள். இல்லையென்றால் நுழைவுப் பாட்டின் நடுவே பெரியம்மாவின் அழைப்பு மணி மண்டபம் முழுக்கக் கேட்கும். புதிய கைப்பேசிகள் பலவற்றில் காதொலித் துளை இல்லை, அதற்கான அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். மடிக்கணினியிலிருந்து ‘ம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தால் அதன் மின்னேற்றியைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதுதான்.

நம் ஊர் 13 ஆம்ப் பிளக்கில் 230 வோல்ட்டுக்கு ஏறக்குறைய 3,000 வாட்தான் இழுக்கலாம். சாப்பாட்டுக்காரரின் வெந்நீர்க் கலம் ஒன்றே அதில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். அதுவும் ஒலியமைப்பும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் இருந்தால் பேச்சின் நடுவே எல்லாம் அணையும். சாப்பாட்டுக்காரரையும் ஒலியமைப்பாளரையும் காலையிலேயே பேசவைத்து, யாருக்கு எந்த பிளக் என்று பிரித்துக்கொடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக் கீழ்த்தளத்தில் செய்தால் நகர மன்ற அனுமதி வேண்டும். அனுமதிக் கடிதத்தில் உள்ள நேரம்தான் கடைசி நேரம். இரவு 10 மணிக்கே சத்தத்தைத் தாழ்த்துங்கள். மேலே குடியிருப்பவர்களிடம் இரண்டு நாள் முன்பே சொல்லி, அன்று பலகாரத் தட்டு ஒன்றும் அனுப்பினால் புகார் வருவது அரிது.

8. முடிந்த பிறகு

மீதிப் பணத்தை அன்றிரவே கொடுங்கள். வாசித்தவர்களுக்குச் சாப்பாடு போட்டீர்களா என்று பாருங்கள். பந்தி ஓய்ந்த பிறகு நினைவுக்கு வந்து பயனில்லை. ஒரு வாரத்துக்குள் அவர்கள் வாசித்த பகுதியின் காணொளியை அவர்களுக்கே அனுப்புங்கள், அவர்களிடம் பெரும்பாலும் அது இருக்காது. பெயர் சொன்ன படக்காரருக்கும் எப்படி நடந்தது என்று இரண்டு வரி எழுதுங்கள், குறை இருந்தால் அதையும் சேர்த்து. வேறு யாராவது உங்களிடம் எண் கேட்டால், முதலில் கலைஞரிடம் ‘கொடுக்கலாமா?’ என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.