கடைசிச் சொல்லைக் குழந்தைக்கு விட்டுவிடுங்கள்

பிள்ளைக்கு ஏற்கெனவே பழக்கமான கதையை வாசிக்கும்போது, வாக்கியத்தின் கடைசிச் சொல்லுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அதன் முகத்தைப் பாருங்கள். 'குரங்கு சரசரவென்று மரத்தில்...' என்று இழுத்தால் போதும், 'ஏறிச்சு!' என்று பதில் வந்துவிடும்.

தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில்தான் வரும். அதனால் என்ன நடந்தது என்று சொல்வது பிள்ளையின் வேலையாகிவிடுகிறது. இருவருமாகச் சேர்ந்து கதை சொல்கிறீர்கள். அதே புத்தகம் பத்தாவது முறையும் சலிக்காது, புதிது வாங்கும் அவசரமும் இல்லை. பிள்ளை உடனே பதில் சொல்லாவிட்டால் நாமே சொல்லிவிடத் தோன்றும். ஐந்து விநாடியாவது பொறுங்கள், சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நேரம் கட்டாயம் வேண்டும். 'குதிச்சுது' என்று மாற்றிச் சொன்னாலும் திருத்தாதீர்கள். 'ஆமா, ஏறிக் குதிச்சுது' என்று சேர்த்துக்கொண்டு மேலே போங்கள்.

முதல் தடவை வாசிக்கும் கதைக்கு இது சரிவராது, ஓட்டம் கெட்டுவிடும். தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்திலும் வேண்டாம். அப்போது உங்கள் குரல் மட்டும் போதும். அப்புறம், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிவிட்ட பிள்ளைக்கு இது பரீட்சை மாதிரித் தெரியலாம். அவர்களோடு ஆளுக்கொரு பக்கமாக வாசியுங்கள்.