செயற்கைக்கோள் படத்தில் உங்கள் வயலைப் பார்ப்பது எப்படி?

வரப்பில் நின்று பார்த்தால் முன்வரிசைப் பயிர்தான் தெரியும். நடுவயலில் ஒரு பகுதி சோர்ந்துபோயிருந்தால் பல நேரம் அறுவடையின்போதுதான் தெரியவரும். இதற்கு ட்ரோன் வாங்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சுமார் ஐந்து நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படமெடுக்கின்றன. அந்தப் படங்களை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

பச்சை இலை ஒளிச்சேர்க்கைக்காகச் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்ளும். நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பும். அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால் வருவதுதான் என்.டி.வி.ஐ (NDVI) என்னும் பசுமை அளவு. வெறும் மண்ணுக்கு 0.1, 0.2 என்று வரும். அடர்ந்த பயிருக்கு 0.6-க்கு மேலே போகும்.

சரி, செய்து பார்ப்போம்.

1. இந்தப் படங்கள் கிடைக்கும் கோப்பர்னிகஸ் பிரவுசர் (Copernicus Browser) இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்குங்கள். கணினியில் செய்தால் வசதி.

2. வயலில் நின்று, கைபேசி வரைபடத்தில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அவற்றைத் தேடல் பெட்டியில் இட்டால் உங்கள் வயலுக்கே போய் நிற்கும். அப்புறம் எல்லையை வரையுங்கள். படத்தின் ஒரு புள்ளி, தரையில் 10 மீட்டருக்கு 10 மீட்டர். அப்படியானால் ஒரு ஏக்கருக்குச் சுமார் 40 புள்ளிகள்தான். ஓரப் புள்ளிகளில் மரமும் பாதையும் கலந்துவிடும் என்பதால், எல்லையைக் கொஞ்சம் உள்ளே தள்ளியே வரையுங்கள். மிகச் சிறிய துண்டு நிலத்துக்கு இந்த முறை அவ்வளவாக உதவாது.

3. மேகமில்லாத தேதியைத் தேர்ந்தெடுங்கள். முதலில் இயல்பான வண்ணப் படத்தைப் பாருங்கள். மேகத்தின் நிழல்கூடப் பயிர் நலிந்ததுபோல் காட்டி ஏமாற்றிவிடும்.

4. இப்போது என்.டி.வி.ஐ அடுக்குக்கு மாறுங்கள். ஒரு நாள் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள். விதைத்ததிலிருந்து வந்த படங்களை வரிசையாகப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் ஏறிக்கொண்டிருக்க, ஒரு மூலை மட்டும் அப்படியே நின்றால் அதுதான் நீங்கள் தேடும் இடம்.

5. அந்த இடத்துக்கு நடந்து போங்கள். என்னைக் கேட்டால், இந்த முறையின் உயிரே இந்தப் படிதான். எங்கே கோளாறு என்று படம் சொல்லும். ஏன் என்று சொல்லாது. தண்ணீர்ப் பற்றாக்குறை, தழைச்சத்துக் குறைவு, பூச்சி, தேங்கிய நீர் எல்லாமே படத்தில் பெரும்பாலும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஒரு சாண் ஆழம் தோண்டி மண்ணைக் கையில் எடுத்துப் பிசையுங்கள். உருண்டையாகப் பிடிபடாமல் உதிர்ந்தால் ஈரம் போதவில்லை. மணற்பாங்கான மண் எப்போதுமே எளிதில் உதிரும் என்பதையும் மனதில் வையுங்கள். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூச்சிகள் பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். அடியிலைகள் முதலில் வெளுத்திருந்தால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். படத்தில் கோடுபோல நீண்ட நலிவு தெரிந்தால் சொட்டுக் குழாய் அடைப்பைப் பாருங்கள். திட்டாகத் தொடங்கி வாரா வாரம் அகன்றுகொண்டே போனால் நோயைச் சந்தேகியுங்கள்.

காரணம் தெரிந்தபின் உரமோ மருந்தோ தண்ணீரோ அந்த இடத்துக்கு மட்டும் கொடுங்கள். வயல் முழுக்கக் கொட்டுவது வீண்செலவு. மிஞ்சும் தழைச்சத்தில் ஒரு பகுதி நிலத்தடி நீரில் போய்ச் சேரும். செய்ததைத் தேதியோடு எழுதிவைத்து, இரண்டு வாரம் கழித்து அதே இடத்தின் புதிய படத்தைத் திறந்து, எண் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள்.