பழைய ஜிப்ஸி ஒரு பக்கம் சாய்கிறதா? பட்டை வாங்கும் முன் டேப்பை எடுங்கள்

பழைய ஃபோர் வீல் வண்டியை வாங்கி வந்து வாசலில் நிறுத்தி, பின்னால் போய் நின்று பார்த்தால் டிரைவர் பக்கம் தணிந்து தெரியும். மெக்கானிக்கிடம் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "ஷாக்கர் போயிருக்கு". இன்னொன்று, "பட்டை செட் மாத்திடுங்க சார்". பட்டை என்றால் வண்டியின் பாரத்தைத் தாங்கும் வளைந்த இரும்புத் தகடுகளாலான ஸ்பிரிங். டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு யாரும் இதைச் சொல்வதில்லை. அளக்காமல் காசு செலவழிக்காதீர்கள் என்பதற்காகத்தான் இந்தப் பதிவு.

என்னிடம் இருப்பது மாருதி ஜிப்ஸி கிங். நாலு சக்கரத்துக்கும் லீஃப் பட்டை, முன்னும் பின்னும் ஒரே துண்டு ஆக்ஸில், ஏணி மாதிரி சேஸிஸ், அதன்மேல் ரப்பர் வைத்து முடுக்கிய பாடி. கீழே சொல்வது இந்த அமைப்பை வைத்துத்தான். பட்டைக்குப் பதில் டார்ஷன் பார் (முறுக்குக் கம்பி ஸ்பிரிங்), காயில் (சுருள் ஸ்பிரிங்) உள்ளவர்களுக்குக் கடைசியில் தனியாக எழுதியிருக்கிறேன்.

முதலில் தரை

வீட்டு போர்ட்டிகோ மழைத்தண்ணீர் வடிவதற்காகச் சரிவாகத்தான் போட்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாது. கொத்தனார்கள் வைத்திருக்கும் தண்ணீர் டியூப் மட்டம் கிடைத்தால் நாலு டயர் நிற்கும் இடத்தையும் சரிபாருங்கள். போனில் வரும் மட்டம் பார்க்கும் ஆப் இதற்கு வேண்டாம். ஒன்றரை மீட்டர் அகலத்தில் ஒரு டிகிரி பிசகினாலே 26 மி.மீ. போய்விடும். நாம் தேடும் வித்தியாசமே அவ்வளவுதான் இருக்கும்.

டியூப் இல்லையா? ஒரு தடவை அளந்துவிட்டு, வண்டியைத் திருப்பி அதே டயர் அடையாளங்களில் நிறுத்தி மறுபடி அளங்கள். சாய்வும் வண்டியோடு திரும்பினால் கோளாறு வண்டியில். சாய்வு பழைய திசையிலேயே நின்றால் அது தரையின் வேலை.

பாரம், டயர்

டூல் பெட்டி, பின்சீட்டுக்கு அடியில் கிடக்கும் சங்கிலி, கயிறு எல்லாவற்றையும் இறக்கிவிடுங்கள். பெட்ரோலும் கணக்குதான், 20 லிட்டர் சுமார் 15 கிலோ. டேங்க் எந்த அளவில் இருந்தது என்று குறித்துக்கொண்டு, எப்போது அளந்தாலும் அதே அளவில் அளங்கள்.

நாலு டயரிலும் ஒரே காற்று, ஒரே சைஸ். பழைய வண்டியில் ஒரு பக்கம் புது டயரும் மறுபக்கம் தேய்ந்த டயரும் இருப்பது சகஜம். புது டயரில் பட்டன் (தரையைப் பிடிக்கும் வரிகள்) ஆழம் சுமார் 8 மி.மீ., நன்றாகத் தேய்ந்ததில் 2 மி.மீ. அங்கேயே 6 மி.மீ. வந்துவிட்டது.

மூன்று இடைவெளி

சாய்வு ஒளிந்திருக்க மூன்றே இடம்தான் உண்டு: தரைக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே, ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே, சேஸிஸுக்கும் பாடிக்கும் நடுவே. முதலாவது டயர், இரண்டாவது பட்டை, மூன்றாவது பாடி ரப்பர். மூன்றையும் தனித்தனியாக அளக்க வேண்டும். மட்கார்டு உதட்டிலிருந்து தரைக்கு ஒரே அளவாக எடுத்தால் மூன்றும் கலந்துதான் வரும். அதை வைத்து எதையும் முடிவு பண்ண முடியாது. போதாக்குறைக்கு, எப்போதோ இடிபட்டு டிங்கரிங் பார்த்த மட்கார்டு என்றால் அந்த உதடே மேலே கீழே இருக்கும்.

ஒவ்வொரு மூலையிலும் இப்படி எடுங்கள். தரையிலிருந்து ஹப் (சக்கரத்தின் மையப் பகுதி) நடு. ஆக்ஸில் குழாயின் மேல்பக்கத்திலிருந்து நேர் மேலே சேஸிஸ் சட்டத்தின் அடிப்பக்கம். அப்புறம் சேஸிஸிலிருந்து பாடியின் அடித்தகடு. இரண்டு பக்கமும் அதே இடத்தில், அதே போல்ட்டுக்கு நேராக டேப்பை வையுங்கள். சாக்பீஸில் கோடு போட்டுக்கொண்டால் குழப்பம் வராது. லேசர் மீட்டரை விட எனக்கு சாதாரண ஸ்டீல் டேப்தான் பிடிக்கும். வண்டிக்கு அடியில் அழுக்கும் வளைவுமாக இருக்கும் இடத்தில் லேசர் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியாது.

பலரையும் ஏமாற்றும் ஒரு விஷயம் உண்டு. வண்டியை ஜாக்கியில் தூக்கி இறக்கியதும் அளக்கக்கூடாது. லீஃப் பட்டைகள் ஒன்றோடொன்று உரசிப் பிடித்துக்கொள்ளும், தூக்கிய பக்கம் உடனே இறங்காது. பத்தடி முன்னே, பத்தடி பின்னே உருட்டி, நாலு மூலையிலும் பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டு அளங்கள். இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால்தான் அது எண்.

என் வண்டியில் பின்பக்கம் ஹப் நடுவிலிருந்து மட்கார்டுக்கு வலப்புறம் 32 மி.மீ. குறைவு. அதில் ஆக்ஸிலுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 19, மீதி 13 பாடி ரப்பரில். புதுப் பட்டை மட்டும் போட்டிருந்தால் கிட்டத்தட்ட பாதிச் சாய்வு அப்படியே இருந்திருக்கும்.

வலது பின் மூலையின் பாடி ரப்பரை டார்ச் அடித்துப் பார்த்தால், ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கி வெடித்திருந்தது. நடுவில் உள்ள இரும்புக் குழாய் பாடித் தகட்டை நேராகத் தொட்டுக்கொண்டிருந்தது. வாஷர் துருவேறிச் செதில் செதிலாக உரிந்து கையோடு வந்தது. உங்கள் வண்டியிலும் அங்கே ஸ்குரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் தகடே அரித்திருக்கிறது. அப்படியானால் ரப்பர் மாற்றுவதற்கு முன்னால் வெல்டரைத்தான் பார்க்க வேண்டும்.

முன்னா, பின்னா?

கட்டிலின் ஒரு கால் குட்டையானால் மூலைக்கு மூலை ஆடுகிற மாதிரி, பின்னால் உள்ள தளர்ச்சி முன்னாலும் தெரியும். எது காரணம், எது விளைவு என்று பிரித்தாக வேண்டும்.

பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம். சில ஃபோர் வீல் வண்டிகளில் அது டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டி) வரும் ஷாஃப்டைத்தான் பிடிக்கும். ஒரு சக்கரம் அந்தரத்தில் போனாலே பிடி விட்டுவிடும்.

இப்போது சேஸிஸின் முன் குறுக்குச் சட்டத்தின் சரியான நடுவில் டிராலி ஜாக்கியை வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு லேசாக எழும் வரை தூக்குங்கள். இரண்டு பக்கமும் சேஸிஸுக்கு அடியில் ஸ்டாண்டு இருக்கட்டும், ஆனால் இரண்டு விரல் இடைவெளி விட்டு. அது வண்டி நழுவினால் தாங்கத்தான். அடியில் படுக்காதீர்கள், பக்கவாட்டிலிருந்தே அளக்கலாம்.

முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்பதால் சாய்வைத் தீர்மானிப்பது பின் பட்டைகள் மட்டும்தான். பின் ஆக்ஸில்–சேஸிஸ் அளவு இரண்டு பக்கமும் சமமாகிவிட்டால் கோளாறு முன்னால். வித்தியாசம் அப்படியே நின்றால் பின்னால். அதே மாதிரி பின்பக்கத்தைத் தூக்கி முன்னால் அளந்து உறுதிசெய்துகொள்ளுங்கள். ஸ்டெபிலைசர் பார் (இடது, வலது பக்கங்களை இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி) உள்ள வண்டியானால் அதன் லிங்கைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள்.

பட்டைதான் என்று தெரிந்தால்

முதலில் எண்ணுங்கள். வலது பட்டையில் எத்தனை இலை (தகடு), இடதில் எத்தனை இலை? முந்தைய ஓனர் ஒரு பக்கம் மட்டும் ஒரு இலை கூடுதலாகச் சொருகியிருக்கலாம். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் பாருங்கள். பட்டை அதிகம் உடைவது சென்டர் போல்ட் ஓட்டையருகே. யூ போல்ட் பிளேட் அதை மறைத்துக்கொண்டிருக்கும், கழற்றினால்தான் தெரியும்.

கழற்றிய பிறகு இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணுக்குக் கண் (இரு முனைகளிலும் உள்ள வளையங்கள்) நூல் பிடித்து நடுவில் ஆழம் அளங்கள். சமமாக இருந்தால் பட்டைமேல் பழி இல்லை. ஷாக்கிள் (பட்டையின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு), சேஸிஸில் உள்ள பிராக்கெட், சேஸிஸ் முறுக்கு ஆகியவற்றைப் பாருங்கள். முறுக்குக்கும் கோணலுக்கும் தூக்குக் குண்டு போதும். பட்டை பிராக்கெட் போல்ட்டுகளிலிருந்து தரையில் புள்ளி குறித்து, குறுக்கு அளவு இரண்டையும் ஒப்பிட்டால் கோணல் தெரியும். சமதரையிலிருந்து அதே நான்கு இடங்களின் உயரத்தை ஒப்பிட்டால் முறுக்கு தெரியும்.

பட்டையை அடித்து வளைத்து கேம்பர் (வளைவு) ஏற்றித் தரும் பட்டறைகள் உண்டு. சரியாகச் சூடேற்றிப் பதம் பார்க்காவிட்டால் மறுபடி தொய்ந்துவிடும். என் விருப்பம், ஜோடியாகப் புதுசு போடுவது. ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் சாய்வு எதிர்ப்பக்கம் போகும். ஷாக்கிளை நீளமாக்குவது, ஒரு பக்கம் மட்டும் துண்டு வைப்பது இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஷாக்கர் பற்றி: எண்ணெய் ஷாக்கர் வண்டியின் உயரத்தைத் தாங்காது, ஆட்டத்தைத்தான் அடக்கும். சந்தேகமிருந்தால் கீழ் போல்ட்டைக் கழற்றிவிட்டு அளங்கள். எண் மாறாவிட்டால் ஷாக்கருக்குச் சம்பந்தமில்லை.

எல்லாம் முடிந்து 10 மி.மீ.க்குள் வந்துவிட்டால் நான் அதற்குமேல் தொட மாட்டேன்.

பிற்சேர்க்கை 1: புதுப் பட்டை போட்டும் சாய்கிறது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். பட்டைக் கண்ணிலும் ஷாக்கிளிலும் உள்ள போல்ட்டுகளை, ஆக்ஸில் தொங்கிக்கொண்டிருக்கும்போதே இறுக்கியிருக்கிறார்கள். ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பிடித்துக்கொண்டு, வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும். போல்ட்டைத் தளர்த்தி, சக்கரம் தரையில் இருக்க, உருட்டி ஆட்டிவிட்டு, பாரத்தோடு இறுக்கச் சொன்னேன். சரியாகிவிட்டது. புஷ்ஷும் சீக்கிரம் கிழியாது.

பிற்சேர்க்கை 2: பழைய மஹிந்திரா தார் சிஆர்டிஇ, மிட்சுபிஷி பஜேரோ எஸ்எஃப்எக்ஸ் வைத்திருப்பவர்கள் கேட்டார்கள். இவற்றில் முன்னால் டார்ஷன் பார். அதன் அட்ஜஸ்ட் போல்ட்டைத் திருகினால் சாய்வு நொடியில் மறையும், அதனால்தான் முதலில் அதைத் தொடக்கூடாது. பின்னால் உள்ள தளர்ச்சியை முன்னால் திருகி மறைத்தால் பாரம் மூலைக்கு மூலை மாறி ஏறும். மேலே சொன்ன ஜாக்கி சோதனையைச் செய்து, கோளாறு முன்னால்தான் என்று தெரிந்த பிறகு, இரண்டு போல்ட்டிலும் வெளியே தெரியும் மரை எவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டுத் திருகுங்கள். முடிந்ததும் வீல் அலைன்மென்ட் கட்டாயம். காயில் உள்ளவர்கள் கீழ்க் கிண்ணத்துக்குள் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். கடைசிச் சுற்று உடைந்து, கிண்ணத்துக்குள்ளேயே சேற்றோடு ஒளிந்திருக்கும். டொயோட்டா லேண்ட் குரூசர் 80 மாதிரி சில வண்டிகளில் இடது, வலது காயில்களே நீளத்தில் வேறு. யாராவது மாற்றிப் போட்டிருக்கிறார்களா என்று பார்ட் நம்பரைப் பாருங்கள்.