வயிறு குறைவதைப் படம்பிடிக்க எந்தச் செயலி நல்லது?

களுவாஞ்சிகுடியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவனிடம் உடற்பயிற்சி பற்றி யாரும் யோசனை கேட்பதில்லை. ஆனால் ஜிம்முக்குப் போகிறவர்கள் போனில் போட்டுக்கொள்ளும் செயலிகளைப் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். கல்முனை, காத்தான்குடி, ஆரையம்பதிப் பக்கமிருந்தெல்லாம் வருகிறார்கள். கடைசியாகக் கேட்டது என் மச்சாள். "அத்தான், மாதாமாதம் படம் எடுத்துக் குடுத்தா உடம்புல கொழுப்பு எத்தனை வீதம் எண்டு சொல்லுமாம். போடட்டா?"

அவளுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். படத்தைச் சேர்த்து வைக்கும் வேலையையும் கொழுப்புக் கணக்குச் சொல்லும் வேலையையும் ஒரே செயலியிடம் கொடுக்காதீர்கள். படம் போனை விட்டு வெளியே போகாத செயலியில் இருக்கட்டும். எண் வேண்டுமென்றால் தையல்காரரின் அளவுநாடா இருக்கிறது.

முதலில் இந்தக் கொழுப்புக் கணக்குச் செயலிகளில் இருக்கும் ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு, எதைப் பார்க்கிறது என்று பார்ப்போம். இந்தச் செயலிகள் ஏறத்தாழ ஒரே வழியில்தான் வேலை செய்கின்றன. முன்புறம், பக்கவாட்டு, பின்புறம் என்று படங்களைக் கேட்கும். உயரம், நிறை, வயது, ஆணா பெண்ணா என்றும் கேட்கும். படத்திலிருந்து உடம்பின் வெளிக்கோட்டைப் பிரித்தெடுத்து, முன்பே அளந்து வைத்திருக்கும் பலருடைய உடம்புகளோடு ஒப்பிட்டு, ஓர் ஊகத்தைச் சொல்லும். டெக்ஸா என்ற எக்ஸ்ரே பரிசோதனையில் எலும்பு, தசை, கொழுப்பு மூன்றும் தனித்தனியாகத் தெரியும். போன் கமரா தோலோடு நின்றுவிடும். குடலைச் சுற்றிப் படிந்திருக்கும் கொழுப்பு அதற்குத் தெரியாது. சீனி வருத்தக்காரர்கள் பயப்பட வேண்டியது அந்தக் கொழுப்புக்குத்தான்.

அந்தப் 'பலர்' யார் என்பது எனக்கு இன்னும் பெரிய சந்தேகம். ஒரே பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற நிறையைக் காட்டும் எண்) உள்ள ஐரோப்பியரையும் தெற்காசியரையும் எடுத்தால், பொதுவாக நம்மவர்களுக்குக் கொழுப்புக் கூட, தசை குறைவு. அதனால்தான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் ஆசிய மக்களுக்கென்று 23, 27.5 என்ற தனி எல்லைகளை முன்வைத்தது. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்னுக்கு நிற்கும் நம்மூர் உடம்பைச் செயலி எத்தனை தடவை பார்த்துப் பழகியிருக்கும்? விளம்பரத்தில் அதைச் சொல்ல மாட்டார்கள். கொழுப்பு 22.4 வீதம் என்று தசமத்தோடு எண் வருவதால் நமக்கு நம்பிக்கை வந்துவிடுகிறது. சந்தேகமென்றால் உடுப்போடு நின்று, மூச்சை இழுத்துப் பிடித்து ஒரு படமும் விட்டு ஒரு படமும் கொடுத்துப் பாருங்கள். ஒரே ஆளுக்கு, ஒரே நிமிடத்தில், இரண்டு எண்ணும் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதிலேயே அதன் நம்பகம் தெரிந்துவிடும்.

அளவுநாடாவோ இடுப்பை நேரடியாகச் சொல்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டு முடித்ததும் அளக்க வேண்டும். தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 என்பது சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு சொல்லும் எல்லை. அங்குலத்தில் சொன்னால் முப்பத்தைந்தரை, முப்பத்தொன்றரை. எனக்கும் சீனி எல்லைக்கோட்டில்தான் நிற்கிறது. கிளினிக்கில் டொக்டர் பார்ப்பது இந்த இடுப்பளவைத்தான். போனில் எத்தனை சதவீதம் காட்டுது என்று அவர் கேட்டதில்லை.

சரி, படம் எதற்கு? கண்ணாடியில் தினமும் பார்க்கும் உடம்பில் மாற்றம் தெரியாது. தைமாதப் படத்தையும் சித்திரைப் படத்தையும் பக்கத்தில் வைத்தால் தெரியும். அந்த வேலைக்குச் சாதாரணச் செயலி போதும். பழைய படத்தை மங்கலாக மேலே காட்டி, அதே இடத்தில் நிற்கச் செய்யும் வசதி ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. தோள், இடுப்பு, முழங்கால் எங்கே இருக்கின்றன என்று கண்டுபிடிப்பதும் ஏஐதான். ஆனால் செயலி செய்பவர்களுக்குக் கூகுள் கொடுக்கும் எம்எல் கிட் போன்ற கருவிகள் அதை போனுக்குள்ளேயே செய்துவிடும். ஆகவே ஏஐ என்ற பெயரைக் கண்டதும் ஓட வேண்டியதில்லை. கணக்குப் போடும் இடம் உங்கள் போனா, வேறு நாட்டில் உள்ள சேவரா (கம்பனியின் கணினியா) என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பிளே ஸ்டோரில் 2022இலிருந்து தரவுப் பாதுகாப்பு என்றொரு பகுதி இருக்கிறது. அப்பிள் ஸ்டோரில் 2020 கடைசியில் வந்தது. வாசியுங்கள், ஆனால் அதோடு நிற்காதீர்கள். அங்கே எழுதியிருப்பது செயலி செய்தவர் தானே கொடுத்த வாக்குமூலம். அன்ட்ரொயிட்டில் இன்னும் உறுதியான இடம் ஒன்று உண்டு. பிளே ஸ்டோரில் செயலியைப் பற்றிய பக்கத்தின் அடிக்குப் போனால் அனுமதிகளின் பட்டியல் இருக்கும். அதில் முழு நெட்வொர்க் அணுகல் என்ற வரி இல்லாவிட்டால், அந்தச் செயலி தானாக எதையும் இணையத்துக்கு அனுப்ப முடியாது. கமராவுக்கும் படங்களுக்கும் போன் உங்களிடம் அனுமதி கேட்கும். இணையத்துக்குக் கேட்பதே இல்லை, கொடுத்துவிடும். அதனால் அந்த வரியை நாமே தேடிப் பார்க்க வேண்டும்.

வரி இருந்தால் மறுகா இப்படிச் செய்யுங்கள். செயலியை இறக்கியதும் போனை விமான நிலைக்கு (ஏரோப்பிளேன் மோட்) போட்டுவிட்டுச் செயலியைத் திறவுங்கள். கணக்குத் தொடங்காமல் உள்ளே விடுகிறதா? படம் எடுத்து, பழைய படத்தோடு ஒப்பிட முடிகிறதா? முடியாதென்றால் அங்கேயே விட்டுவிடலாம். முடிந்தாலும் ஒரு சோதனை மிச்சம். சுவரையோ கதவையோ நாலைந்து படம் எடுத்துவிட்டு வைஃபையைப் போட்டு, ஒருநாள் அப்படியே விடுங்கள். அடுத்த நாள் செற்றிங்ஸில் அந்தச் செயலி எவ்வளவு டேட்டா எடுத்திருக்கிறது என்று பாருங்கள். ஒரு படம் மூன்று, நாலு எம்பி வரும். விளம்பரம் காட்டாத செயலி இருபது எம்பி விழுங்கியிருந்தால் உங்கள் கதவு ஊர் சுற்றப் போயிருக்கலாம் என்று அர்த்தம். உடம்பைப் படமெடுக்கும் முன் கதவை அனுப்பிப் பார்ப்பதில் நட்டமில்லை.

படங்களுக்கு அனுமதி கேட்கும்போது எல்லாப் படங்களும் என்று கொடுக்காதீர்கள். ஐபோனில் 2020இலிருந்தும் அன்ட்ரொயிட் 14 தொடங்கியும், தெரிவு செய்த படங்களை மட்டும் கொடுக்க வழி இருக்கிறது.

அனுப்பினால் என்ன, அழிக்கச் சொன்னால் அழித்துவிடுவார்கள்தானே என்று கேட்பவர்களுக்கு இரண்டு கதை. எவர் என்ற படச் சேமிப்புச் செயலி, கணக்கை மூடியவர்களின் படங்களையும் அழிக்காமல் வைத்திருந்தது. பயனர்களின் படங்களைக் கொண்டு முகம் அறியும் மென்பொருளையும் பழக்கியது. அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு 2021இல் படங்களோடு, அவற்றால் பழக்கிய மென்பொருளையும் சேர்த்து அழிக்க உத்தரவிட்டது. மற்றது அமேசனின் ஹேலோ. 2020இல் வந்த அந்தக் கைப்பட்டிக்கான செயலி படங்களைத் தன் சேவருக்கு எடுத்துக் கொழுப்பைக் கணக்கிட்டது, கணக்கு முடிந்ததும் படம் அங்கிருந்து அழியும் என்றது. சொன்னபடி நடந்தார்கள் என்றே வைத்துக்கொள்வோம். 2023 ஜூலையோடு ஹேலோ கடையையே சாத்திவிட்டார்கள், செயலியும் நின்றது. பெரிய கம்பனிக்கே அப்படியென்றால், பெயர் தெரியாதவர்களின் செயலியில் மூன்று வருடப் படத்தை வைப்பது எந்த நம்பிக்கையில்? எந்தச் செயலியாக இருந்தாலும் படங்களைச் சாதாரண ஜேபெக் கோப்பாக வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதல் வாரமே பாருங்கள். நம் இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் உடல்நலத் தரவை விசேட வகையாக வைத்திருக்கிறது. நல்ல விசயம்தான். ஆனால் வெளியே போன படத்தைச் சட்டம் திருப்பிக் கொண்டுவந்து தராது.

கடையிலிருந்து பார்க்கும்போது எனக்குச் சேவரை விட வீடுதான் பயம். நம் ஊரில் ஒரே ஜிமெயிலில் வீட்டிலுள்ள எல்லா போனும் ஓடும். புதுப் போன் வாங்கும்போது கடைக்காரன் அப்பாவின் பெயரில் ஒன்றைத் திறந்து கொடுப்பான். அதையே மகன் தன் போனில் போடுவான், மகள் டெப்பில் போடுவாள். மகன் ஜிம்முக்குப் போய்ச் சட்டை இல்லாமல் எடுத்த படம் கூகுள் போட்டோஸ் வழியாக அப்பாவின் போனில் வந்து நிற்கும். ஆண்பிள்ளைக்கு அது சிரிப்போடு போய்விடும். பெண்பிள்ளைக்கு அப்படியில்லை. ஆகவே செயலி தேடும் முன்பு உங்கள் போனில் இருக்கும் கூகுள் கணக்கு உங்களுடையதுதானா என்று பாருங்கள். இல்லாவிட்டால் தனியாக ஒன்றைத் திறவுங்கள். செயலி தன் படங்களை கலரியில் (போனின் பொதுப் படத்தொகுப்பில்) போடுகிறதா என்றும் பாருங்கள். போட்டால் அந்த அமைப்பை நிறுத்துங்கள், அல்லது அந்தக் கோப்புறை கூகுள் போட்டோஸில் ஏறாமல் தடுத்துவிடுங்கள்.

ஒன்றுமே இறக்க விருப்பமில்லை என்பவர்களுக்கு போனிலேயே வழி உண்டு. சாம்சங்கின் பல போன்களில் செக்கியூர் போல்டர் என்ற பூட்டிய பகுதி இருக்கிறது. அதற்குள்ளேயே கமராவைத் திறந்து எடுத்தால் படம் வெளி கலரிக்கு வராது. கூகுள் போட்டோஸில் பூட்டிய கோப்புறை உண்டு. அதற்கு பேக்கப் நிறுத்தியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஐபோனில் மறைத்த அல்பம் ஐஓஎஸ் 16இலிருந்து முகத்தாலோ விரலாலோ பூட்டப்படுகிறது, ஆனால் ஐகிளவுட் போட்டோஸ் போட்டிருந்தால் அதுவும் மேலே ஏறும். என் மச்சாளுக்குக் கடைசியில் நான் செய்து கொடுத்தது செக்கியூர் போல்டர்தான். செயலி எதுவும் போடவில்லை.

போன் திருத்தக் கொடுக்கும் போதும் கவனம் வேண்டும். இதைக் கடைக்காரனே சொல்வது சிலருக்கு வினோதமாக இருக்கும். சாம்சங்கில் பராமரிப்பு நிலை என்று ஒன்றும், கூகுள் பிக்சலில் திருத்த நிலை என்று ஒன்றும் இருக்கின்றன. போட்டுவிட்டுக் கொடுத்தால் போன் வெறுமையாகத்தான் திறக்கும், உங்கள் படம் எதுவும் தெரியாது. திரை உடைந்து வேலை செய்யாமல் போனால் அதைப் போடுவது கஷ்டம். அதனால்தான் படத்தை முன்பே பூட்டிய இடத்தில் வைக்கச் சொல்கிறேன். பற்றரி மாற்றுபவர் போனைத் திறக்கும் பின் (PIN) இலக்கம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு இல்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏஐயிடம் கேட்டுத்தான் ஆவேன் என்றால், கேளுங்கள், ஆனால் படத்தைத் தயார் செய்து கொடுங்கள். கழுத்துக்குக் கீழே மட்டும் வரும்படி எடுங்கள். உடம்போடு ஒட்டிய ரீசேட்டும் லெகின்ஸும் போதும். செயலிக்குத் தேவை வெளிக்கோடு. காத்தான்குடியிலிருந்து வந்த ஒரு தங்கச்சி, செயலி உள்ளாடையோடு நிற்கச் சொல்கிறது, விட்டுவிடவா என்று கேட்டார். விட்டுவிடுங்கள், அளவுநாடா அப்படி ஒன்றும் கேட்பதில்லை என்றேன். பின்னால் தொங்கும் கலண்டரையும் கழற்றுங்கள். நகைக்கடைக் கலண்டரில் கடையின் பெயர், ஊர், தொலைபேசி எண் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும், முகத்தை வெட்டி என்ன பயன்? கமரா அமைப்பில் இடக்குறிப்பை நிறுத்துங்கள். இல்லாவிட்டால் வீட்டின் ஜிபிஎஸ் புள்ளி படத்துக்குள்ளேயே போகும். வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பும்போது அது நீங்கிவிடும், ஆவணமாக அனுப்பினால் நீங்காது. சாட்ஜிபிடியில் போட்டுக் கேட்பவர்கள், அதன் தரவு அமைப்பில் உங்கள் உரையாடலைக் கொண்டு மென்பொருளைப் பழக்கும் அனுமதியை முதலில் நிறுத்திவிடுங்கள். இன்னும் நல்லது, படமே கொடுக்காமல் இடுப்பு, கழுத்து, நிறை, உயரம் ஆகிய எண்களை மட்டும் எழுதிக் கேட்பது.

எடுக்கும் முறை சுருக்கமாக. காலையில் தேத்தண்ணிக்கு முன்பு, மாதம் ஒருமுறை. யன்னல் வெளிச்சத்தை நம்ப வேண்டாம், கார்த்திகை மார்கழி மழையில் நம் பக்கம் பகலே இருண்டு கிடக்கும். ஒரே அறை, ஒரே பல்ப். போனைத் தொப்புள் உயரத்தில் வைத்து, எட்டுப் பத்து அடி தள்ளி நின்று, பின்பக்கக் கமராவில் டைமர் போடுங்கள். நிற்கும் இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டிவிடுங்கள். பியூட்டி மோடை மறக்காமல் நிறுத்துங்கள். சில போன்கள் கேட்காமலே இடுப்பையும் ஒடுக்கிவிடும், ஒரு மாத உழைப்பை அது ஒரு நொடியில் செய்து காட்டிவிடும்.

செயலி பிடிக்காமல் விலகும்போது ஐகனை அழிப்பதோடு விடாதீர்கள். முதலில் படங்களை வெளியே எடுங்கள். பிறகு செயலிக்குள் போய்க் கணக்கை அழியுங்கள். கணக்குத் திறக்க விடும் செயலி அழிக்கவும் வழி வைக்க வேண்டும் என்பது அப்பிள், கூகுள் இரண்டு ஸ்டோரிலும் விதி. உறுதிப்படுத்தும் மின்னஞ்சல் வந்த பிறகு செயலியை அகற்றுங்கள். இலவசச் சோதனைக்கு வங்கிக் காட் இலக்கம் கொடுத்திருந்தால் ஸ்டோரின் சந்தாப் பக்கத்தில் அதைத் தனியாக நிறுத்த வேண்டும், செயலியை அழித்தாலும் டொலரில் காசு வெட்டுவது நிற்காது.